இந்தோனேசிய தஃவா மாணவர்கள்: ஆண்மை மாறியதா, வேஷம் மட்டும்தானா?

மாலுமி:
1978ல் சுகார்த்தோ அரசு கல்லூரிகளில் அரசியலுக்குத் தடை போட்டதும் மாணவர்கள் தஃவா என்ற மார்க்க அழைப்புப் பணியோடு பள்ளிவாசல் பக்கம் திரும்பினார்கள், பாண்டுங் பொறியியல் கல்லூரி வளாகத்தை ஒட்டிய சல்மான் பள்ளிவாசல் அதில் முக்கியமானது. சின்னச் சின்ன வட்டமாக உட்கார்ந்து ஓதுவது, துஆவில் (பிரார்த்தனையில்) வெட்கப்படாமல் அழுவது, சிகரெட்டைத் தொடாதது, பெண்ணைக் கண்டால் பார்வையைத் தாழ்த்துவது. ஆண்களில் மூன்றில் இரண்டு பேர் புகைக்கும் நாடு சார் அது! முரட்டுத்தனம்தான் ஆண்மை என்ற நினைப்பை இவர்கள் உடைத்தார்கள் என்பேன்.

ஹாஜரா:
அழட்டும், நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே திரை, தலைவர் எப்போதும் திரைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பக்கம், பெண்களுக்கென்று ஒரு மகளிர் பிரிவு. முகத்தைப் பார்க்காமல் முடிவெடுப்பதும் வசதிதானே சகோ?
ஆ ஜிம்மை மறந்துவிட்டீர்களா? பாண்டுங்காரர், மார்க்கப் பேச்சாளர், மென்மையாகப் பேசுவார், டிவியில் பெண்கள் உருகிக் கேட்டார்கள். 2006ல் இரண்டாம் திருமணம் செய்தது தெரிந்ததும் அதே பெண்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள்.

மாலுமி:
அவர் தனி ஆள், மாணவர் இயக்கத் தலைவர் இல்லை. அப்புறம், பெண்கள் விலகியதை எனக்குச் சாதகமாகத்தான் எடுப்பேன், கணவனிடம் எதிர்பார்ப்பு கூடியதால்தானே கோபம் வந்தது? இவர்கள் திருமணம் பேசும் முறையையும் பாருங்கள், வழிகாட்டி மூலம் பயோடேட்டா போகும், வேலைக்குப் போக விடுவாயா என்று பெண்ணே நேராகக் கேட்கலாம்.

ஹாஜரா:
'விடுவாயா' என்று கேட்க வேண்டிய நிலைமையைத்தான் சொல்கிறேன்!

கொழும்பு_ரியாஸ்:
ரெண்டு பேரும் பழைய கதையிலேயே நிற்கிறீர்கள். 2015ல் தொடங்கிய 'காதலிக்காத இந்தோனேசியா' இயக்கம் இன்ஸ்டாகிராமில்தான் வளர்ந்தது. காதல் வேண்டாம், சீக்கிரம் நிக்காஹ் செய், பெண்ணுக்கு இமாமாகு, அதாவது அவளை வழிநடத்து என்பார்கள். செமஸ்டர் ஃபீஸை வாப்பா கட்டுகிறார், மகன் குடும்பத் தலைவனாம். 1974 திருமணச் சட்டமே கணவன்தான் குடும்பத் தலைவன் என்கிறது, எல்லாவற்றையும் பள்ளிவாசல் தலையில் கட்டாதீர்கள்.

ஹாஜரா:
அந்தச் சட்டத்தில் பெண்ணின் திருமண வயதை 16லிருந்து 19 ஆக்கியது 2019ல். அதற்கு இரண்டு வருடம் முன்பே சிரெபோன் நகரில் பெண் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) மாநாடு கூட்டி சிறுவர் திருமணத்துக்கு எதிராக ஃபத்வா கொடுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கத்துத் தம்பிகள் அப்போது என்ன எழுதினார்கள் என்று மாலுமி தேடிப் போடட்டும்.