ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது, உங்களுக்கு எப்போது உண்மையாகவே புரிந்தது?

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை:

பதினொரு ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் வெளியேற்று ஆற்றலை, அதாவது ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, கரும்பலகையில் மட்டுமே காட்டினேன். "விளக்கை இன்னும் பிரகாசமாக்கினால் எலக்ட்ரான் வெளியே வராதா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "வராது" என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த விடுமுறையில், ஜெர்மானிய இயற்பியலாளர் ஹால்வாக்ஸ் 1888-இல் செய்த சோதனையை நானே செய்து பார்த்தேன். மின்னூட்டம் இருந்தால் இலைகள் விரிந்தும், போனால் தொங்கியும் காட்டும் நிலைமின்காட்டியின் தலையில் துத்தநாகத் தகடு. கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயால் எதிர் மின்னூட்டம் கொடுத்தேன். இலைகள் விரிந்து நின்றன. பழைய நீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து எடுத்த புற ஊதாக் குழலை எரியவிட்டேன். எதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் தகட்டை உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்தேன். ஒளி பட்ட சில நொடிகளில் இலைகள் தொங்கிவிட்டன! தகட்டின் மேல் படிந்திருந்த ஆக்சைடுதான் அதுவரை தடுத்திருக்கிறது.

பிறகு மீண்டும் மின்னூட்டி, இடையில் ஒரு ஜன்னல் கண்ணாடியைப் பிடித்தேன். இலைகள் அசையவில்லை. குழலின் நீல வெளிச்சம் கண்ணாடி வழியே தகட்டில் விழுவது நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் அசையவில்லை. 100 வாட் பல்பை ஒரு சாண் தூரத்தில் வைத்தபோதும் அப்படியே. அப்போதுதான் புத்தகத்தில் இருந்த எண்கள் உயிர் பெற்றன. 254 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஓர் ஒளித்துகளிடம், ஏறத்தாழ 4.9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. துத்தநாகம் கேட்பது 4.3. கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதன் ஊதா விளிம்பில்கூட 3.1-தான். ஒரு ஃபோட்டான் தனியாக முழு விலையையும் கொடுத்தாக வேண்டும். சாதாரண விளக்கொளியில் பத்துப் பேர் சேர்ந்து சில்லறை போட்டு வாங்க முடியாது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் தகட்டைத் தேய்க்கும் வேலையை மாணவர்களிடமே தருகிறேன். குழலை மட்டும் அட்டைப் பெட்டிக்குள் மறைத்து நானே இயக்குகிறேன். அந்த ஒளி கண்ணைப் புண்ணாக்கிவிடும். இதில் அலட்சியம் கூடாது.

ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்:

அம்மா, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இருபது ஆண்டுகள் இந்த விளைவோடுதான் வாழ்ந்திருக்கிறேன் என்பது இதைப் படித்த பிறகே தெரிகிறது. படச்சுருளின் ஓரத்தில் ஒலி ஒரு கோடாகப் பதிந்திருக்கும். ஒலியைப் படிப்பதற்கென்றே இருக்கும் எக்ஸைட்டர் பல்பின் வெளிச்சம் அதை ஊடுருவி, ஒளியை மின்னோட்டமாக்கும் ஒளிமின்கலத்தில் விழும். வெளிச்சம் ஏறி இறங்குவதே அரங்கில் பாட்டாகக் கேட்கும். நடுவில் விரலை வைத்தால் போதும், கதாநாயகன் ஊமையாகிவிடுவான். எங்கள் பழைய இயந்திரத்தில் கண்ணாடிக் குழல் வகைக் கலம் இருந்தது. எக்ஸைட்டர் பல்ப் மஞ்சளாகத்தான் எரியும், அதில் புற ஊதாவே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் எலக்ட்ரான் எப்படி வந்தது?

இயற்பியல் ஆய்வு மாணவர்:

ஐயா, துத்தநாகம் வைத்திருந்தால் உங்கள் அரங்கு மௌனமாகவே இருந்திருக்கும். அந்தக் காலக் குழல்களில் வெள்ளி ஆக்சைடின் மேல் சீசியம் பூசியிருப்பார்கள். சீசியம் தனியாகவே 2.1 எலக்ட்ரான் வோல்ட்தான் கேட்கும். இந்தக் கூட்டுப் பரப்புக்கு அதிலும் குறைவே போதும், 1100 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக்கும் அசையும். மஞ்சள் பல்பிடம் அதிகம் இருப்பதே சிவப்பும் அகச்சிவப்பும்தானே.

டீச்சர், உங்கள் உப்புத்தாளைப் படித்ததும் எனக்கு அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் நினைவுக்கு வந்தார். ஒளியின் அதிர்வெண் கூடக் கூட, வெளிவரும் எலக்ட்ரானின் அதிகபட்ச ஆற்றல் நேர்கோடாகக் கூடும் என்று ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய சமன்பாட்டை அவர் நம்பவில்லை. அதைச் சோதிக்க, வெற்றிடக் குழலுக்குள்ளேயே கத்தியைச் சுழலவிட்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சீவிப் புதுப் பரப்பை எடுத்தார். 1916-இல் அவர் வெளியிட்ட முடிவு, ஐன்ஸ்டைன் சொன்ன அதே நேர்கோடு.

எனக்குப் புரிந்தது முதுகலைச் செய்முறைத் தேர்வில். பாதரச விளக்கு, வடிகட்டிகள், ஐந்து நிறங்கள். அதிர்வெண்ணுக்கு எதிராக, எலக்ட்ரான் ஓட்டத்தை முழுதாக நிறுத்தும் நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்தேன்; சாய்விலிருந்து, ஒளியின் அதிர்வெண்ணையும் ஃபோட்டானின் ஆற்றலையும் இணைக்கும் பிளாங்க் மாறிலி நன்றாகவே வந்தது. கோடு அச்சை வெட்டும் இடத்தைக் காட்டி, "இது ஒளி படும் தகடான கேத்தோடின் வெளியேற்று ஆற்றல்" என்றேன். தேர்வாளர் கேட்டார்: "எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஆனோடும் ஓர் உலோகம்தானே தம்பி, அதற்கு வேலையே இல்லையா?"

பேச்சு வரவில்லை. அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு உலோகங்களையும் கம்பியால் இணைத்தவுடன் அவற்றுக்கிடையே ஒரு தொடு மின்னழுத்தம் உண்டாகிவிடுகிறது. அதையும் சேர்த்து எழுதினால் கேத்தோடின் வெளியேற்று ஆற்றல் கூட்டலிலும் கழித்தலிலும் அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவது ஆனோடுடையது. ஆம், நான் அளந்தது எதிரே இருந்த தகட்டை. மறுநாள் தேர்வாளரைத் தேடிப் போய் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.