வாசல் கொங்கிறீற்றில் டீசலும் எஞ்சின் ஓயிலும்: எதை முதலில் செய்வது?

வாசல்முற்றம்:

திருகோணமலை உப்புவெளியில் வீடு. கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை கொங்கிறீற்று வாசல், 4 அங்குலக் கனம், மேற்பரப்பு தும்புத்தடி இழுத்துச் சொரசொரப்பாக விட்டது. பெயின்ற், சீலர் எதுவும் பூசவில்லை. இப்ப மூன்று இடத்தில் கறை.

வான் நிற்கும் இடத்தில் பழைய எஞ்சின் ஓயில். 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், நடுவில் கறுப்பு, ஓரம் மண்ணிறம். பக்கத்தில், நேற்று ஜெனரேற்றருக்கு நிரப்பும்போது கான் சரிந்து ஏறத்தாழ 2 லீற்றர் டீசல் கொட்டிவிட்டது. மரத்தூள் போட்டு மூடினதோடு சரி, இன்னும் கழுவவில்லை. மூன்றாவது, கேற்றடியில் இன்ரலொக் கல் பதித்த பகுதி. வள்ளத்து எஞ்சினைச் சாத்தி வைத்ததில் மண்ணெண்ணெயும் அதோடு கலக்கும் டூ-ரி ஓயிலும் ஒழுகி, கல்லும் இடுக்கு மணலும் ஊறிப்போய்க் கிடக்கிறது.

ரைல் கழுவும் அசிட் ஊற்றச் சொல்கிறார்கள், கோஸ்ரிக் சோடா என்கிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் போகும் என்றும் சொல்கிறார்கள். கிணறு 20 அடிக்குள் இருக்கிறது, நிலம் மணல். கிணற்றுத் தண்ணி கொஞ்சம் சவர், சவர்க்காரம் சரியாக நுரைக்காது. என்ன பொருள், என்ன அளவு, எந்த ஒழுங்கில் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சீமெந்துக்கை:

தம்பி, கழுவாமல் விட்டது நல்ல வேலை. டீசல் புதுசு, அதை இன்றைக்கே பார்க்க வேணும். பழைய கறை இன்னும் ஒரு கிழமை பொறுக்கும்.

அசிட் வேண்டாம். அதில் இருப்பது ஐதரோக்குளோரிக் அமிலம். அது சீமெந்தைக் கரைக்கும், ஓயிலைக் கரைக்காது. ஓயில் ஊறின இடத்தில் சீமெந்தின் மேல் ஓயில் படலம் இருப்பதால் அசிட் அங்கே பிடிக்காது, சுற்றியிருக்கும் நல்ல கொங்கிறீற்றைத்தான் அரிக்கும். பொங்கி நுரைப்பதைப் பார்த்துக் கறை போகிறது என்று நினைக்கிறார்கள். கரைந்து போவது உங்கட வாசல். கடைசியில் கறை கறையாகவே இருக்க, சுற்றிவரச் சல்லி வெளியில் தெரியும். அசிட் ஊற்றின இடத்தில் பிளீச்சும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது நெஞ்சை அடைக்கும். பிளீச் எப்படியும் ஓயிலை எடுக்காது.

கோஸ்ரிக் சோடா தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் மாதிரித் தாவர எண்ணெயைச் சவர்க்காரமாக்கும். எஞ்சின் ஓயிலும் டீசலும் கனிய எண்ணெய், அவை சவர்க்காரமாவதில்லை. தோலும் கண்ணும் வெந்துபோகும் பொருளை இந்த வேலைக்குத் தொட வேண்டிய தேவையே இல்லை.

கொங்கிறீற்று முழுக்க நுண்துளை. எண்ணெயை அது தானாக உறிஞ்சும், தண்ணியடித்தால் திருப்பித் தராது. அதனால் இழுத்து எடுக்கத்தான் வேணும்.

டீசலுக்கு: ஊறின மரத்தூளைத் தகட்டால் அள்ளி, காய்ந்த புதுத்தூளை 2 சென்ரிமீற்றர் கனத்தில் போட்டுக் காலால் மிதித்து அழுத்துங்கோ. தேய்க்க வேண்டாம், தேய்த்தால் பரவும். 24 மணித்தியாலம் விட்டு அள்ளி, தூள் ஈரமாக வந்தால் திரும்பப் போடுங்கோ. தூள் காய்ந்தபடியே வரும்வரை இதுதான் வேலை. தும்புத்தூள் மரத்தூளைவிட நன்றாக உறிஞ்சும், ஆனால் நன்கு காய்ந்திருக்க வேணும். ஈரமான தும்புத்தூளிலிருந்து மண்ணிறச் சாயம் இறங்கி வேறொரு கறையாகும். தம்பலகாமம் பக்க அரிசி ஆலைகளில் உமிச் சாம்பல் கிடைத்தால் அதுவும் நல்லது. வெறும் சீமெந்துத் தூள் போடாதேங்கோ. உறிஞ்சும்தான், ஆனால் இரவில் ஒரு தூறல் விழுந்தால் அப்படியே இறுகிவிடும்.

பிறகு கழுவல். 5 லீற்றர் சுடுதண்ணியில் 250 கிராம் சலவைச் சோடாவை முதலில் கரையுங்கோ. அது உங்கட கிணற்றுத் தண்ணியின் வன்மையை எடுக்கும், அதற்குப் பிறகுதான் சவர்க்காரத்தூள் நுரைக்கும். கரைந்தபின் 100 கிராம் சவர்க்காரத்தூளோ 100 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவமோ சேருங்கோ. கையுறை போடுங்கோ, சோடாவும் கையை எரிக்கும். கறையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெறும் தண்ணியால் நனையுங்கோ. துளைகளில் தண்ணி நிறைந்தால் இளகின எண்ணெய் அந்தப் பக்கம் பரவாது. கறையின் மேல் கலவையை ஊற்றி 20 முதல் 30 நிமிடம் ஊற விடுங்கோ. காய விடக்கூடாது, காய்ந்தால் இளகின அழுக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் பத்து மணிக்குச் செய்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். விடியற்காலை அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு செய்யுங்கோ.

தேய்க்க விறைப்பான நைலோன் பிரஷ். கம்பி பிரஷ் வேண்டாம், உடைந்த கம்பித் துணுக்கு உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செம்புள்ளி விழும். அழுக்குத் தண்ணியை ஹோஸ் அடித்து ஓட விடாதேங்கோ. பழந்துணியால் ஒற்றி வாளியில் பிழியுங்கோ, கடைசியில் கொஞ்சத் தண்ணி விட்டு அதையும் ஒற்றுங்கோ. ஒரு தரத்தில் போகாது.

கராஜ்பக்கம்:

அண்ணா சொன்னது சரி. மண்ணெண்ணெய் விஷயத்தை நான் சொல்கிறேன், கராஜ்களில் அதுதான் கூடுதலாக நடக்கிற பிழை.

கெட்டியான எஞ்சின் ஓயிலில் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஓயில் நீர்த்துப்போகும். மேலே பார்க்கக் கறை வெளிறும், ஏனென்றால் பாதி கீழே இறங்கிவிட்டது, மிச்சம் அகலமாகப் பரவிவிட்டது. இரண்டு கிழமையில் வெயில் சூட்டுக்குத் திரும்ப மேலே வரும், முந்தினதைவிடப் பெரிய வட்டமாக. மணல் நிலத்தில், கிணற்றுக்கு 20 அடியில் அதை ஊற்றவே கூடாது. சொற்ப மண்ணெண்ணெய் போதும், கிணற்றுத் தண்ணி குடிக்க முடியாதபடி மணக்கும்.

கொட்டினது பெற்றோலாக இருந்தால் கதை வேற. கழுவுவதற்கு முதல் தீயைப் பற்றி யோசிக்க வேணும். பக்கத்தில் தண்ணி மோட்டார், ஜெனரேற்றர், அடுப்பு ஒன்றும் இயங்கக்கூடாது, சுவிட்சையும் தொடக்கூடாது. மரத்தூளைத் தூவி, பிளாஸ்ரிக் தகட்டால் அள்ளி வெளியில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கோ, பொலித்தீனால் மூட வேண்டாம். பெற்றோல் பெரும்பகுதி ஆவியாகும், மிஞ்சும் மெல்லிய கறை சவர்க்காரத்துக்குப் போகும். டீசல் அப்படி இலகுவாக ஆவியாகாது. கறை மறைந்தாலும் மணம் பல நாள் நிற்கும், அதற்கும் திரும்பத் திரும்ப உறிஞ்சலும் கழுவலும்தான்.

வானின் ஒழுக்கை முதலில் நிறுத்துங்கோ. இரவில் எஞ்சினுக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சில்லு நிற்கும் இடத்தை அதில் அடையாளம் போடுங்கோ. காலையில் துளி விழுந்த இடத்தை வைத்தே எங்கேயிருந்து என்று தெரியும். சம்ப் நட்டுக்கு, அதாவது பழைய ஓயிலை இறக்கக் கழற்றும் அடிநட்டுக்கு, நேர் கீழே என்றால் அநேகமாக வாஷர்தான், சின்னச் செலவு. எஞ்சினும் கியர்பொக்ஸும் பொருந்தும் இடத்துக்குக் கீழே என்றால் பின் ஓயில் சீல், கியர்பொக்ஸ் இறக்க வேண்டி வரும். நிறத்தையும் பாருங்கோ. கறுப்போ மண்ணிறமோ என்றால் எஞ்சின் ஓயில். சிவப்பு என்றால் பவர் ஸ்ரியரிங் அல்லது ஓட்டோ கியர் ஓயில். பச்சையோ றோசாவோ வழுவழுப்பாகவும் தண்ணியில் கரைவதாகவும் இருந்தால் ரேடியேற்றர் கூலன்ட், அதற்கு வெறும் தண்ணி போதும். ஆனால் கூலன்ட் நாய் பூனைக்கு நஞ்சு, உடனே ஒற்றி எடுங்கோ.

வாசல்முற்றம்:

மிக்க நன்றி அண்ணாமார். டீசலுக்குத் தூளை மாற்றிப் போட்டுவிட்டேன். அந்தப் பழைய கறுப்புக் கறைக்கும் சோடாக் கலவைதானா? ஹை பிரஷர் மெசினை வாடகைக்கு எடுக்கலாமா?

சீமெந்துக்கை:

முதலில் கலவையால் இரண்டு தரம் கழுவி மேல் அழுக்கை எடுங்கோ. பழைய கறை அதோடு போகாது, வெளிறும். நன்றாகக் காய விட்டுப் பிறகு பற்றுப் போட வேணும்.

பட்டி போட எடுக்கும் வெள்ளைச் சோக்குத்தூள், அதாவது கல்சியம் காபனேற்று, ஹாட்வெயாரில் கிலோக் கணக்கில் கிடைக்கும். அதைப் பெயின்ற் இளக்கும் மினரல் ரேர்ப்பன்ரைனில் குழைத்துக் கடலை வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கோ. கறையின் ஓரத்தைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 5 சென்ரிமீற்றர் பூச வேணும். உங்கட கறைக்கு 70க்கு 50 வரும், 8 மில்லிமீற்றர் கனத்தில் பூசக் கிட்டத்தட்ட 3 லீற்றர் பசை. அதற்கு ஏறத்தாழ 4 கிலோ தூள், ஒன்றரை லீற்றர் ரேர்ப்பன்ரைன். தூளில் திரவத்தைச் சிறிது சிறிதாக விடுங்கோ, நீர்த்துப்போனால் பசை இழுக்காது, ஊறவைக்கும்.

பூசி, மேலே பொலித்தீன் விரித்து ஓரத்தை ரேப்பால் ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்கோ. அந்த நேரத்தில் திரவம் கீழே போய் ஓயிலைக் கரைக்கும். பிறகு பொலித்தீனை எடுத்துவிட்டுப் பசை தூளாக உதிரும்வரை காய விடுங்கோ. உண்மையான வேலை இப்படிக் காயும்போதுதான் நடக்கிறது. மேற்பரப்பில் திரவம் ஆவியாக ஆவியாக, கீழிருந்து கரைந்த ஓயிலோடு மிச்சத் திரவம் மேலே ஏறித் தூளில் தங்கும். அவசரப்பட்டு ஈரத்தோடு சுரண்டினால் எல்லாம் வீண். காய்ந்ததைப் பிளாஸ்ரிக் தகட்டால் சுரண்டிப் பாருங்கோ. அடிப்பக்கம் மஞ்சளோ மண்ணிறமோ பிடித்திருந்தால் இழுத்திருக்கிறது, இன்னொரு தரம் போடுங்கோ. வெள்ளையாகவே வந்தால் இனி அதால் வருவதற்கு ஒன்றும் இல்லை. வாகனத்தை அப்பால் நிறுத்துங்கோ, பீடி சிகரெற், நெருப்பு ஒன்றும் கிட்ட வேண்டாம். மழைக் காலத்தில் இதைத் தொடங்க வேண்டாம். வெறும் கொங்கிறீற்று இரண்டு மூன்று நாள் காய்ந்திருக்க வேணும், துளையில் தண்ணி நின்றால் ரேர்ப்பன்ரைன் உள்ளே போகாது.

கடைசியில் நடுவில் சாம்பல் நிழல் ஒன்று மிஞ்சலாம். பழைய எஞ்சின் ஓயிலின் கறுப்பு எரிந்த கரி, அது எதிலும் கரையாது. அந்த நிழலைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், வெயிலிலும் உராய்விலும் மெல்லமாக மங்கும்.

வாசல்முற்றம்:

ஒரு சந்தேகம். மண்ணெண்ணெய் கீழே இறக்கும் என்றால் ரேர்ப்பன்ரைனும் அதைத்தானே செய்யும்?

கராஜ்பக்கம்:

நல்ல கேள்வி. ஊற்றினால் அதுவும் இறங்கத்தான் செய்யும். பசையில் குழைத்தால் திரவத்துக்குத் திரும்பி வர மேலே ஒரு உறிஞ்சி இருக்கிறது. மண்ணெண்ணெயை அப்படிக் குழைத்தாலும் சரிவராது, மெல்லவே ஆவியாகும், பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு விடும்.

பிரஷர் மெசின் கடைசிக் கழுவலுக்கு மட்டும். 25 பாகை விசிறி நொசில், ஒரு அடிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். ஒற்றைக் கோடாகப் பீச்சும் நொசில் மேல் சீமெந்துப் பாலைக் கிழித்துக்கொண்டு போகும், அந்தக் கோடு பிறகு மாறாது. ஓயில் இருக்கும்போது அடித்தால் அது மதிலிலும் செடியிலும் தெறிக்கும், மிச்சம் கிணற்றுப் பக்கம் ஓடும்.

கல்பதிப்பு:

இன்ரலொக் பகுதிக்கு: முதலில் இடுக்கு மணலைக் கிண்டி எடுங்கள். எண்ணெய் ஊறிய மணல் அங்கே இருக்கும்வரை கல்லைக் கழுவிப் பயனில்லை, அதிலிருந்து திரும்ப ஊறும். இரண்டு ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஒரு கல்லை எடுத்துவிட்டால் மற்றவை இலகுவாக வரும். கீழே படுக்கை மணல் மணத்தால் அதையும் 3 சென்ரிமீற்றர் அள்ளிப் புது மணல் போட்டு மட்டம் பிடியுங்கள்.

கல்லைக் கவிழ்த்துப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். உடைந்த கல் ஒன்றின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நிறம் முழுக்க ஒரே மாதிரி என்றால் கவிழ்க்கலாம், ஆனால் ஓரச் சரிவு மேல்பக்கம் மட்டும்தான் இருக்கும் என்பதால் அந்த இடம் சற்று வேறாகத் தெரியும். நிறம் மேல் 5 அல்லது 10 மில்லிமீற்றரில் மட்டும் என்றால் கவிழ்க்க முடியாது. மதில் ஓரத்தில் கண்ணில் படாத கல்லோடு மாற்றிப் போடுவதுதான் சுலபம். பதித்த பிறகு இடுக்கில் போடும் மணல் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிளம்பும்.

சீமெந்துக்கை:

ஊறின தூள், பசை, பிழிந்த தண்ணி எல்லாம் சேரும். தூளை மூடியுள்ள தகரத்தில் போட்டு வெயில் படாமல் வையுங்கோ, வளவில் எரிக்கவோ தாழ்க்கவோ வேண்டாம். ரேர்ப்பன்ரைன் பசையை வெளியில் முழுதாகக் காயவிட்டுத்தான் பையில் கட்ட வேணும். பிழிந்த தண்ணியை ஒரு நாள் அசையாமல் வைத்தால் ஓயிலில் ஒரு பங்கு மேலே மிதக்கும். அதைத் துணியால் ஒற்றி எடுத்து, மிச்சத்தைக் கிணற்றிலிருந்து தூர, காய்ந்த மரத்தூளில் ஊற்றி அதே தகரத்தில் சேருங்கோ.

சீலர் பூசும் எண்ணம் இருந்தால், கறை இருந்த இடத்தில் ஒரு துளி தண்ணி விட்டுப் பாருங்கோ. பக்கத்து நல்ல கொங்கிறீற்று உறிஞ்சும் வேகத்திலேயே அங்கேயும் உறிஞ்சினால் பூசலாம். துளி உருண்டு நின்றால் உள்ளே இன்னும் எண்ணெய், அதன் மேல் சீலரோ சீமெந்துப் பாலோ எது பூசினாலும் செதிலாகக் கழன்று வரும். வாகனம் நிற்கும் இடத்துக்கு அக்ரிலிக் படலம் வேண்டாம், பெற்றோல் பட்டால் இளகும். உள்ளே ஊறும் சைலேன் வகை எடுங்கோ. அதுவும் ஓயிலைத் தடுத்துவிடாது. அதனால் துளி விழுந்த அன்றே துடையுங்கோ.