நாளைக்குள் சொல் வேண்டும்: வைரஸ், வார்ம், டிரோஜன்

அன்புள்ள குழுவினர்க்கு,

கணினிப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். கணினிக்குக் கேடு செய்யும் நிரலான மால்வேருக்குத் ‘தீநிரல்’ என்று எழுதிவிட்டேன். சிக்கல் அதன் வகைகளில். வைரஸ் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோப்பை யாராவது இயக்கினால்தான் பரவும். வார்முக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் வேண்டாம். வலையமைப்பில் ஓட்டை கிடைத்தால் தானே அடுத்த கணினிக்குத் தாவும். 1988-இல் மாரிஸ் வார்ம் அப்படித்தான் பரவியது. நாமோ இரண்டையும் வைரஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

* * *

ஐயா, வைரஸுக்கு ‘நச்சுநிரல்’ இருக்கிறதே. இலத்தீனிலும் வைரஸ் என்றால் நஞ்சுதான். நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் பொருள், நச்சினார்க்கினியரை நினைத்துக்கொள்க. ஆக, இதை வினைத்தொகையாகவும் பிரிக்கலாம். 2000-இல் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு மின்னஞ்சலில் வந்த தீநிரல் நச்சி வந்த நஞ்சுதானே! ‘நச்சுக்கோப்பு’ என்றால் ஒற்று மிகுந்து, நஞ்சுதான் என்று ஐயத்தைத் தீர்த்துவிடும். ‘நிரல்’ அந்த உதவியைச் செய்யாது.

நல்ல செயலிபோல வேடமிட்டு நுழையும் டிரோஜனுக்குப் ‘பொறியானை’ என்பேன். பெருங்கதைக் காப்பியத்தில் மன்னன் உதயணனைப் பிடிக்க, பகை மன்னன் பிரச்சோதனன் வீரர்களை ஒளித்துவைத்து அனுப்பிய எந்திர யானை. பொறி என்றால் எந்திரம், கண்ணியும் அதுவே. யானைப் பித்தனுக்கு யானையையே அனுப்பினான். விளையாட்டுச் செயலி என்று நம்பி நாமே நிறுவிக்கொள்வதும் இதே கதைதான்.

* * *

திரையில் ‘பொறியானை கண்டறியப்பட்டது’ என்று வந்தால் பயனர் வனத்துறையை அழைப்பார். வைரஸும் டிரோஜனும் அப்படியே இருக்கட்டும். வார்ம் மட்டும் ‘புழு’. அது குழந்தைக்கும் புரியும்.

* * *

டிரோஜன் என்ற பெயர் வரக் காரணமான, வீரர்களை ஒளித்த மரக்குதிரையைச் செய்தவர்கள் கிரேக்கர்கள். ஏமாந்தவர்கள் டிராய் நகரத்தார். ஏமாந்தவன் பெயரைக் கள்ளனுக்குச் சூட்டிய சொல்லையா தமிழில் காப்பாற்றப் போகிறோம்?

* * *

நன்றி. வைரஸ், புழு, டிரோஜன் என்றே அனுப்பிவிட்டேன். 2017-இல் வந்த வானாக்ரை என்ற தீநிரல்தான் படுத்திவிட்டது: பரவியது புழுவாக, செய்தது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வேலை. ‘பணயப்புழு’ என்று எழுதியிருக்கிறேன். பொறியானையை ஓர் அடிக்குறிப்புக்குள் ஒளித்திருக்கிறேன்.

* * *

யானை உள்ளே நுழைந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் ‘பணயப்புழு’ என்றால் புழுவையே யாரோ பணயம் வைத்ததாகப் பொருள்படாதா?