மறுமொழி: பீடியாட்ரிக் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜி – பலகைக்கு ஒரு பெயர், வெள்ளிக்குள்!

குழுவினருக்கு வணக்கம்.

குழந்தைகளின் வயிறு, குடல் நோய்களைப் பார்க்கும் ஆஸ்பத்திரிப் பிரிவின் பலகைக்குத் திங்கட்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு தமிழ்ப் பெயர். இன்று புதன். 38 மடல் வந்துவிட்டது, பெயர் வரவில்லை. பலகை எழுதுபவர் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

> தொல்காப்பியம், மரபியல்: மக்களின் இளமைக்குக் குழவி, மகவு இரண்டே உரியவை. ஆகவே ‘குழவிக் குடலியல்’.

ஐயா, தொல்காப்பியரை மறுக்க நான் யார்? ஆனால் பலகையைப் படிக்கப்போகும் அம்மாவுக்குக் குழவி என்றால் ஆட்டுக்கல்லில் உருள்வது. அவசரத்தில் படித்தால் கொட்டுவது.

> ‘சிறுவர் சமிபாட்டு மருத்துவம்’. எங்கள் பக்கம் எல்லோருக்கும் விளங்கும்.

அண்ணா, சமிபாடு எனக்கும் பிடித்த சொல். கொழும்பில் சிறுவர் வைத்தியசாலை என்றால் கைக்குழந்தையும் அடக்கம். இங்கே சிறுவர் என்றால் அரைக்கால் சட்டை போட்டவர்கள். அப்புறம் சமிபாடு வடசொல்லா, செமித்தலின் பிள்ளையா என்று 11 மடல். அங்கிருந்து சீரணம், சீரணத்திலிருந்து கோயில் ஜீர்ணோத்தாரணம். செரித்ததற்கும் சிதிலமானதற்கும் ஒரே வேர் என்பதை ரசித்தேன். பலகைக்கு உதவாது.

> ‘இரைப்பைக் குடலியல்’ ஏற்கெனவே புழங்குகிறதே?

அக்கா, ‘க்’ போட்டால் இரைப்பையினுடைய குடல் ஆகிவிடும். இரைப்பையும் குடலும் உம்மைத்தொகை. வெற்றிலை பாக்கு போல ஒற்று மிகாது. மிகாமல் எழுதினால் பிழை என்று நீங்களே திருத்துவீர்கள்.

இந்தக் கூத்தில் நம் டாக்டர் எழுதிய நான்கு வரிக்கு ஒருவரும் பதில் போடவில்லை. அந்தப் பிரிவில் ஈரலும் கணையமும் சேர்த்தி என்கிறார். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் காமாலை தெளியாமல், மலம் சுண்ணாம்பாக வெளுத்துப் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். பித்தம் குடலுக்கு வடிய வழிசெய்யும் கசாய் அறுவைச் சிகிச்சையைப் பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். (கசாய் என்பது ஜப்பானிய மருத்துவர் பெயர், நம் கஷாயம் அல்ல. இதற்கும் ஒரு இழை தொடங்கிவிடாதீர்கள்.) ஊரில் கீழாநெல்லி கொடுத்துப் பார் என்பார்கள், அதிலேயே நாள் ஓடிவிடும். அப்படிக் குழந்தையைத் தோளில் போட்டு, வெளுத்த மலத்தைச் செல்போனில் படம் எடுத்துவைத்து, மாடிப்படியில் நிற்கும் அம்மா ‘குடலியல்’ என்பதைப் பார்த்து ‘இது நமக்கில்லை’ என்று இறங்கிவிடக் கூடாது.

ஆகவே என் முடிவு: ‘குழந்தைகள் வயிறு, குடல், ஈரல் நோய்ப் பிரிவு’. இது கலைச்சொல் இல்லை, விளக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். நாளை மதியத்துக்குள் மறுப்பு வராவிட்டால் அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

---

சம்மதம். கணையத்தையும் சேர்த்தால் பலகை சுவரைத் தாண்டிவிடும், விடுங்கள்.

---

‘நோய்ப் பிரிவு’ என்றால் நோயை அங்கே கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. ‘சிகிச்சைப் பிரிவு’ என்று வைக்கலாமே?

---

சிகிச்சை வடசொல்.

---

எனக்கு ‘இரைப்பைக் குடலியல்’தான் மேல், ‘க்’ உட்பட. ஆனால் களைத்துவிட்டேன். பலகைக்கு உன் பெயரே இருக்கட்டும் தம்பி.

---

பலகையில் எதையும் எழுதிக்கொள்ளுங்கள். கலைச்சொல் பட்டியலில் ‘குழவிக் குடலியல்’ இருந்தாக வேண்டும். குழவி என்றதும் ஆட்டுக்கல் நினைவுக்கு வருவது சொல்லின் குற்றமன்று. ஆட்டுக்கல்லுக்கு அப்பெயர் வந்த வரலாறு தனி மடலில்.