பண்டைய எகிப்தில் மன்னரல்லாதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? நம்பத்தகுந்த சான்றுகள் எவை?

நீலநதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எகிப்திய வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஆனால் படிக்கப் படிக்க ஒரு மனக்குறை வளர்ந்துகொண்டே போகிறது. கூஃபுவின் பிரமிடு, துட்டன்காமுனின் தங்க முகமூடி, இரண்டாம் ராம்செஸின் போர்கள் என்று எந்த நூலைத் திறந்தாலும் அரண்மனையும் கல்லறையுமே கண்ணில் படுகின்றன. அந்தக் கல்லறையைப் பாறையில் குடைந்த மனிதருக்குக் கூலி எந்த வடிவில் கிடைத்தது, அவர் என்ன சாப்பிட்டார், நோயுற்றால் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்ததா, அவர் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பன போன்ற எளிய கேள்விகளுக்கு விடை தேடினால் ஓரிரு பத்திகளுக்கு மேல் கிடைப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சாட்டையடிக்குப் பயந்து கல் இழுத்த அடிமைகள் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். அதெல்லாம் பழைய கட்டுக்கதை, அவர்கள் நல்ல உணவு உண்டு மனமுவந்து உழைத்த சுதந்திரமான தொழிலாளர்கள் என்று மறு சாரார் அதே உறுதியோடு சொல்கிறார்கள். கல்லறைச் சுவர் ஓவியங்களை நம்பலாம் என்றால், அவற்றில் எல்லோரும் இளமையாகவும் விளைச்சல் எப்போதும் அமோகமாகவும் இருக்கிறது. மறுமையில் தனக்கு என்ன வேண்டும் என்று கல்லறைக்கு உரியவர் விரும்பினாரோ அதைத்தானே அங்கே வரைந்திருப்பார்கள்? எந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்புவது என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓட்டுச்சில் எழுதிய மறுமொழி:

உங்கள் கேள்விகள் ஏறக்குறைய அனைத்துக்கும் விடை தரும் ஓர் ஊர் இருக்கிறது. நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, பாலைவனக் குன்றுகளுக்கு நடுவே உள்ள டெய்ர் எல்-மதீனா என்னும் சிற்றூர்தான் அது. மன்னர்களின் பள்ளத்தாக்கில் அரச கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தார்கள். மதிலுக்குள் ஏறத்தாழ 70 வீடுகள் இருந்தன. அவர்கள் தங்கள் ஊரை வாய்மையின் இடம் என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார்கள்.

இந்த ஊரின் சிறப்பு அதன் குப்பையில் இருக்கிறது என்பேன். நாணல் வகைச் செடியிலிருந்து செய்யப்பட்ட பப்பைரஸ் தாள் விலை மிகுந்தது. ஆனால் பாறை குடையும் இடத்தில் சுண்ணாம்புக்கல் சில்லுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே கடன் கணக்கு, கடிதம், வழக்கு, கனவு, சலவைக்குப் போட்ட துணிகளின் பட்டியல் என்று எல்லாவற்றையும் அந்தச் சில்லுகளிலும் உடைந்த பானை ஓடுகளிலும் மையால் எழுதி, வேலை முடிந்ததும் வீசிவிட்டார்கள். பெர்னார் ப்ருயேர் என்ற பிரெஞ்சு அகழாய்வாளர் 1922 முதல் 1951 வரை அங்கே நடத்திய அகழாய்வில், ஊரின் வடபுறமுள்ள ஒரு பெரும் பள்ளத்திலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான எழுத்துச் சில்லுகள் கிடைத்தன.

நீங்கள் விடுப்பைப் பற்றிக் கேட்டதால், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் பலகையைச் சொல்கிறேன். அது இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1240-இல் எழுதப்பட்ட வருகைப் பதிவேடு. வலது ஓரத்தில் நாற்பது தொழிலாளர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் வராத நாட்கள் கறுப்பு மையில். அந்த நாளுக்கு மேலே, சிறிய எழுத்தில், சிவப்பு மையில் காரணம். சேபா என்பவரைத் தேள் கொட்டியிருக்கிறது. ஹூய்நெஃபருக்குக் கண் நோய். மற்றவர்களில் ஒருவர் இறந்த தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருக்கிறார், ஒருவர் பியர் காய்ச்சியிருக்கிறார், இன்னொருவர் வீடு கட்டியிருக்கிறார். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்பதும் ஏற்கத்தக்க காரணமாகப் பதிவாகியிருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதரோடு நேருக்கு நேர் பேசுவது போன்ற உணர்வை எனக்கு எந்தப் பொன் முகமூடியும் தந்ததில்லை. இந்தச் சிவப்பு எழுத்துகள் தந்தன.

கூலி தானியமாகவே வழங்கப்பட்டது. சாதாரணத் தொழிலாளி ஒருவருக்கு மாதத்துக்கு 4 மூட்டை எம்மர் என்ற பழங்கால வகைக் கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் அளக்கப்பட்டன. தலைமை மேற்பார்வையாளருக்கு அதைவிடக் கூடுதல். அவர்களது மூட்டை ஏறத்தாழ 77 லிட்டர் கொண்டது என்பதால், கோதுமை மட்டுமே 300 லிட்டரைத் தாண்டுகிறது. ரொட்டிக்குக் கோதுமை, பியருக்குப் பார்லி, மிஞ்சியதைப் பண்டமாற்றில் கொடுத்துச் செருப்போ கூடையோ வாங்கலாம். நாணயம் இல்லாத அந்தச் சந்தையில் பொருள்களின் மதிப்பை டெபன் எனப்படும் செப்பு எடையில் கணக்கிட்டார்கள். ஒரு டெபன் ஏறத்தாழ 91 கிராம்.

அந்தத் தானியம் நின்றபோது என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157-இல், கூலி பல நாட்கள் தாமதமானதும் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊரைக் கடந்து வந்து, மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னர் இரண்டாம் ராம்செஸின் நினைவுக் கோயிலுக்குள்ளேயே நுழைந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, இதை மன்னருக்கும் அமைச்சருக்கும் எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னது தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ள பப்பைரஸில் இருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நாம் அறிந்த முதலாவது இதுவே. நிலுவைக் கூலியும் கடைசியில் வந்து சேர்ந்தது. சாட்டைக்குப் பயந்து வாய் திறவாமல் உழைத்தவர்கள் இப்படிக் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார்களா?

வயல்வரப்பு எழுதிய மறுமொழி:

ஓட்டுச்சில் அவர்கள் சொன்ன செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. டெய்ர் எல்-மதீனா எகிப்தின் சராசரி ஊர் அன்று. அங்கே வாழ்ந்தவர்கள் அரசே நேரடியாகத் தானியம் அளந்த, பலருக்கு எழுத்தறிவு இருந்த, தேர்ந்த கைவினைஞர்கள். அவர்களுக்கு மாவரைத்துக் கொடுக்க அரசு அடிமைப் பெண்களையும் அனுப்பிவைத்தது. அந்தப் பெண்களின் உழைப்பு நாட்களை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொண்டார்கள், தங்கள் பங்கு நாளை விற்கவும் செய்தார்கள். உட்கார்ந்து போராடியவரின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் வீட்டு மாவை அரைத்தவளின் குரல் கிடைக்கவில்லை.

எகிப்தியரில் மிகப் பெரும்பாலோர் உழவர்கள். வெள்ளம், விதைப்பு, அறுவடை என நான்கு நான்கு மாதங்களாக ஆண்டையே மூன்றாகப் பகுத்தது அவர்களது வாழ்க்கைதான். தீப்ஸில், அதாவது இன்றைய லக்சர் பகுதியில், உள்ள மென்னா என்ற நில அதிகாரியின் கல்லறை ஓவியத்தைக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பாருங்கள். விளைந்து நிற்கும் வயலை முடிச்சிட்ட கயிற்றால் அளக்கிறார்கள். எவ்வளவு வரி வரும் என்று அறுவடைக்கு முன்பே கணக்கிடுவதற்காக. சற்றுத் தள்ளி ஒருவர் அடி வாங்குகிறார். அதே வயலில், சிந்திய கதிரைப் பொறுக்கும் இரண்டு சிறுமிகள் ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்துச் சண்டையிடுகிறார்கள்; இன்னொரு பெண் தோழியின் பாதத்திலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறாள். நீலநதி அவர்கள் ஐயுற்றது சரியே, இந்த ஓவியங்கள் கல்லறைக்கு உரியவரின் விருப்பத்துக்காக வரையப்பட்டவை. ஆனாலும் ஓவியர் தாம் கண்டதை ஓரங்களில் விட்டுச் சென்றிருக்கிறார். எனவே ஓவியத்தின் நடுவைவிட ஓரத்தை நம்பலாம் என்பது என் கருத்து.

அடிமையா, சுதந்திரமானவரா என்ற இரண்டே பெட்டிகளுக்குள் இதை அடைக்க முயல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அரசு அழைத்தால் கால்வாய் வெட்டவோ கல் சுமக்கவோ குடிமக்கள் போயாக வேண்டும் என்ற கட்டாய உழைப்பு முறை அங்கே இருந்தது. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பப்பைரஸில், மூன்றாம் அமெனெம்ஹாத் என்ற மன்னரின் காலத்தில் அந்த உழைப்பிலிருந்து தப்பியோடியவர்களின் பட்டியல் இருக்கிறது. ஓடியவர்கள் சந்தையில் விற்கப்பட்ட அடிமைகள் அல்லர். ஆனால் ஓடியது குற்றமாகக் கருதப்பட்டது.

பிரமிடுக்கும் இதையே சொல்லலாம். கீசாவில் 1990-இல் வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளில், முறிந்து கட்டுப்போட்டுக் குணமான எலும்புகள் காணப்பட்டன. ஆகவே மருத்துவம் கிடைத்திருக்கிறது, பிரமிடின் நிழலிலேயே அடக்கம் செய்யப்படும் மதிப்பும் கிடைத்திருக்கிறது. செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013-இல் கிடைத்த பப்பைரஸ்களில், மெரெர் என்ற அலுவலர் தம் குழுவோடு தூரா என்ற கல் வெட்டும் இடத்திலிருந்து கீசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார். இவை ஒரு பக்கம். மறு பக்கம், அக்கெனாத்தன் என்ற மன்னர் கட்டிய அமார்னா நகரத்தின் எளிய மக்களுடைய இடுகாடு. அங்கே தோண்டப்பட்ட எலும்புகளில் ஊட்டக்குறைவும், பளு சுமந்து தேய்ந்த முதுகெலும்பும் மூட்டும் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. வடபுற இடுகாடு ஒன்றில் புதைக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். கோயில் சுவரில் அப்பமும் பழமும் குவிந்து கிடக்கும் அதே நகரம் அது. இதைப் படித்த பிறகு அமார்னாவின் அழகிய ஓவியங்களை முன்போல என்னால் பார்க்க முடியவில்லை.

நீலநதி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீரைப் பற்றியும் வீட்டுக்குள் நடந்ததைப் பற்றியும் இன்னும் சொல்ல முடியுமா? மாவரைத்தவளின் குரல் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் எவருடைய குரலுமே கிடைக்கவில்லையா?

திருகைக்கல் எழுதிய மறுமொழி:

பழங்கால உணவைப் பற்றி நீண்ட காலமாகப் படித்து வருபவள் என்ற முறையில் வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். டெய்ர் எல்-மதீனாவில் கிணறு கிடையாது. ஓட்டுச்சில் அவர்கள் குறிப்பிட்ட பெரும் பள்ளம் தண்ணீர் தேடித் தோண்டப்பட்டதே; 50 மீட்டர் ஆழம் வரை போயும் ஊற்று கிடைக்கவில்லை. ஆகவே தண்ணீர்க்காரர்கள் பள்ளத்தாக்கிலிருந்து கழுதைகளில் நாள்தோறும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிய நீண்ட குறுகிய வீடுகள்: தெருவை ஒட்டிய முன்னறை, தூண் தாங்கிய கூடம், சிறிய உள்ளறை, எல்லாவற்றுக்கும் பின்னால் புகை வெளியேறத் திறந்த கூரையுள்ள சமையலிடம்.

எம்மர் கோதுமையின் உமி எளிதில் பிரியாது. அதை ஈரமாக்கி உரலில் குத்தி, உலர்த்தி, புடைத்து, சலித்து, பிறகுதான் சாய்வான அரைகல்லில் மாவாக்க முடியும். இத்தனை வேலையும் ஒரு குடும்பத்தின் ரொட்டிக்காக மட்டுமே. கல்லின் துகளும் பாலைவன மணலும் மாவில் கலந்ததால் எகிப்தியரின் பற்கள் இளமையிலேயே தேய்ந்தன. எனாமல் போய், உட்கூழ் வெளிப்பட்டு, வேரில் சீழ்க்கட்டி உண்டாயிற்று. இரண்டாம் ராம்செஸின் மம்மியின் தாடையிலும் அந்தச் சீழ்க்கட்டியின் தடம் இருக்கிறது. மன்னரும் கல்தச்சரும் பல் வலியில் மட்டும் சமமாக இருந்தார்கள்.

பெண்ணின் குரலும் ஒன்று கிடைத்திருக்கிறது. அதே ஊரில் வாழ்ந்த நௌனக்தே என்ற மூதாட்டி, ஐந்தாம் ராம்செஸின் 3-ஆம் ஆட்சியாண்டில், ஊர் மன்றத்தின் முன் நின்று தம் உயிலை எழுதச் செய்தார். எகிப்தியப் பெண்ணுக்குச் சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளவும், அதை விரும்பியவருக்குக் கொடுக்கவும், வழக்குத் தொடுக்கவும் உரிமை இருந்தது. நான் பாரோவின் நாட்டில் ஒரு சுதந்திரமான பெண் என்றே அவர் தொடங்குகிறார். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிக் குடித்தனத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் கொடுத்தேன், இப்போது நான் முதுமையடைந்துவிட்டேன், அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை, என் கையில் கை வைத்தவருக்கே, அதாவது எனக்கு உதவியவருக்கே, என் சொத்து, மற்றவருக்கு இல்லை என்கிறார். யார் யாருக்குப் பங்கு, யார் யாருக்கு இல்லை என்று பெயர் சொல்லிப் பிரிக்கிறார். தந்தை வழிச் சொத்தில் மட்டும் எவருடைய பங்கையும் அவர் பறிக்கவில்லை. தமக்கு உரியது எதுவோ அதை மட்டுமே எடுத்து வைத்துப் பேசுகிறார்.

பிள்ளைகளில் ஒருவருக்கு, மற்றவர்களைவிடக் கூடுதலாக, ஒரு வெண்கலக் கழுவு கிண்ணத்தை அவர் ஒதுக்கினார். அந்த மகனின் பெயர் கென்ஹெர்கெப்ஷெஃப்; பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம் முதல் கணவரின் பெயரை, இரண்டாம் திருமணத்தில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு அவர் வைத்திருந்தார்.