கலைச்சொல்: வினைக்குப் பின்னால் வரும் ஆங்கில அடை – 'ஈற்றடை' என்றால் என்ன?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வரும் வினையடையைத் தமிழில் எந்தப் பெயரால் அழைப்பது என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு இது என் பதில். முதலில், அங்கே வந்த ஒரு யோசனை:

> 'பின்னடை' என்று வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கிறது, பொருளும் நேரே விளங்குகிறது.

கோலாலம்பூர் ஐயா எழுதிய இந்த வரி எனக்கும் முதலில் பிடித்திருந்தது. அதனால் போன வாரம் பட்டர்வொர்த்தில் நான் நடத்தும் டியூசன் வகுப்பில் அந்தச் சொல்லையே பயன்படுத்திப் பார்த்தேன். 'தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வரும்: கவனமாக ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வரும், அதனால் அது பின்னடை' என்று சொல்லி ஐந்து வாக்கியம் கொடுத்தேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியது: 'ஹீ டிரைவ்ஸ் கேர்ஃபுலி த பஸ்.'

சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். அவள் பிழை செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். வினைக்குப் பின்னால் வரும் என்றேன், வினைக்குப் பின்னாலேயே வைத்துவிட்டாள். ஆங்கிலம் கேட்பது அதுவல்ல. வினையும், அது கொள்ளும் செயப்படுபொருளும் முடியும்வரை அடை காத்திருக்க வேண்டும்: 'ஹீ டிரைவ்ஸ் த பஸ் கேர்ஃபுலி.' அப்படியே 'ஷீ ஸ்பீக்ஸ் டமில் ஃப்ளூயன்ட்லி' என்றுதான் வரும். 'ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி டமில்' வராது. 'ஹீ கேர்ஃபுலி டிரைவ்ஸ் த பஸ்' என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் அன்றாடப் பேச்சில் காதில் விழுவது அதுவல்ல.

நம் பிள்ளைகளுக்கு மலாயும் கூடவே இருக்கிறது. சாலையோரப் பலகையில் 'பாண்டு செர்மாட், ஜீவா செலாமாட்' (கவனமாக ஓட்டு, உயிர் பத்திரம்) என்று பார்த்து வளர்ந்தவர்கள். ஓட்டு என்பதற்கு அடுத்த சொல்லே கவனம். அதில் செயப்படுபொருள் இல்லை, அதனால் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. பேருந்தை உள்ளே கொண்டுவந்தால் மலாயிலும் 'மெமண்டு பாஸ் டெங்ஙான் செர்மாட்' என்று அடை பின்னால் போய்விடும். இதை அந்தப் பிள்ளைக்கு எழுதிக் காட்டியபோது உடனே புரிந்துகொண்டாள். நான் வைத்த பெயர்தான் அவளைத் தடுத்திருக்கிறது.

ஆகவே 'பின்' என்ற சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, 'ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்' என்பதில் 'ஆல்வேஸ்' வினைக்குப் பின்னால்தான் இருக்கிறது. 'ஷீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்' என்பதில் அதே சொல் வினைக்கு முன்னால். ஒரே வேலையைச் செய்யும் ஒரே சொல்லை முதல் வாக்கியத்தில் பின்னடை, இரண்டாவதில் முன்னடை என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இன்னொன்று நம் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. நன்னூலில் 'உயிர்முன் கசதப மிகும்' என்று வந்தால், உயிரைத் தொடர்ந்து வரும் கசதப என்று பொருள். அங்கே 'முன்' என்பது அடுத்து வரும் இடம். புணர்ச்சி, அதாவது சொற்கள் சேரும் விதிகள், படித்த ஒருவர் 'வினைமுன் அடை' என்பதை வினையைத் தொடரும் அடை என்றே படிப்பார். முன், பின் இரண்டும் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன. 'முன்னிலை வினையடை' என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். முன்னிலை என்றால் நீ, நீங்கள். அது உதவாது. 'பின்வரு வினையடை' கேள்வித்தாளில் 'பின்வரும் வினையடைகளை எழுதுக' என்பதோடு மோதும்.

எனவே வாக்கியத்தில் அடை நிற்கும் இடத்தை வைத்து நான் முன்வைப்பது: முதலடை (தொடக்கத்தில்), இடையடை (நடுவில்), ஈற்றடை (இறுதியில்).

முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று படித்த பிள்ளைகளுக்கு இந்த அடுக்கு புதிதல்ல. 'கடையடை' என்றும் யோசித்தேன். கடையடைப்பு நினைவுக்கு வருவதால் விட்டுவிட்டேன். ஈற்றடி, ஈற்றயல் வரிசையில் ஈற்றடை இயல்பாக உட்காருகிறது. 'யெஸ்டர்டே ஐ வெண்ட் டு பினாங்' என்பதில் 'யெஸ்டர்டே' முதலடை. ஆல்வேஸ், ஆஃபன், நெவர் எல்லாம் பெரும்பாலும் இடையடை. ஸ்லோலி, கேர்ஃபுலி, வெல் போன்றவை அன்றாட வாக்கியத்தில் ஈற்றடை.

ஈறு என்றால் கடைசிச் சொல் என்று மட்டும் கொள்ள வேண்டாம், வாக்கியத்தின் கடைசிப் பகுதி. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட அடைகள் வரிசையாக நிற்கும். 'ஹீ ஒர்க்ட் கொய்ட்லி அட் ஹோம் யெஸ்டர்டே' என்பதில் விதம், இடம், காலம் என்ற ஒழுங்கு இருக்கிறது. தமிழில் சொல்லுங்கள்: நேற்று, வீட்டில், அமைதியாக வேலை செய்தான். காலம், இடம், விதம், பிறகு வினை. கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே திரும்பி நிற்கிறது. இரண்டு மொழியிலும் வினைக்கு மிக அருகில் இருப்பது விதம், எட்டி நிற்பது காலம். இதைக் கரும்பலகையில் இரண்டு வரியாக எழுதிக் கோடு போட்டுக் காட்டினால், அந்த வகுப்பில் விதியே சொல்ல வேண்டியதில்லை.

> நாமும்தானே 'சாப்பிடு மெதுவா', 'வந்தான் பாரு வேகமா' என்கிறோம்?

பிறை ஊரிலிருந்து அக்கா ஒருவர் குழுவில் கேட்ட இது நியாயமான கேள்வி. ஆம், சொல்கிறோம். ஆனால் அங்கே வினையைச் சொல்லி முடித்தபின் ஓர் அழுத்தத்துக்காக அடையைச் சேர்க்கிறோம். அதையே கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் 'மெதுவாகச் சாப்பிடு' என்று திருத்துவார். ஆங்கிலத்தில் அந்த இடம் அழுத்தத்துக்கு உரியதல்ல, அதுதான் அடையின் வழக்கமான வீடு. நம் பேச்சில் வருவதையும் ஈற்றடை என்றே அழைக்கலாம், தடையில்லை.

பினாங்கில் 1816-இல் தொடங்கிய ஃப்ரீ பள்ளியிலேயே ஆங்கிலத்தோடு தமிழ் வகுப்பும் நடந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பேச நமக்கென்று ஒரு சொல் வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஆறாம் ஆண்டுக்கான பயிற்றி ஒன்றை அடுத்த மாதம் அச்சுக்குக் கொடுக்கிறேன். ஈற்றடை என்றே போட எண்ணம். 'இடையடை' மட்டும் இடைச்சொல்லோடு குழம்புமோ என்று எனக்கே ஐயமாக இருக்கிறது. அதற்கு நல்ல மாற்று யாரிடமாவது இருந்தால் அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து