ஓட்டல் பிரேக்கில் வாட்டர்கலர்: வாஷ் திட்டுத்திட்டாகிறது

சப்ளையர்_ஓவியன்:
சென்னையில் ஓட்டல் சப்ளையர் வேலை. மதியம் 3:30 முதல் 6 வரை பிரேக், வரைய அதுதான் நேரம். 300 ஜிஎஸ்எம் கனமான தாள்தான், ஆனாலும் வாஷ், அதாவது தண்ணீர் கலந்த கலரைப் பரப்பும் பூச்சு, திட்டுத்திட்டாகிறது. தாளை கிச்சனை ஒட்டிய லாக்கரில் வைக்கிறேன். காரணம் என்ன?

ஈரத்தூரிகை:
திட்டு எந்த மாதிரி? கலர் ஒட்டாமல் முத்துமுத்தாக விலகினால் கை எண்ணெய். பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு மணிக்கட்டு வரை கழுவி, உள்ளங்கைக்கு அடியில் வேஸ்ட் பேப்பர் வையுங்கள். மையொற்றுத்தாள் மாதிரி உள்ளே இறங்கிக் கரும்புள்ளி விழுந்தால், கலரை உள்ளே இறங்கவிடாமல் தடுக்கும் தாளின் பசைப்பூச்சு ஈரத்தில் போய்விட்டது. அந்தத் தாளைக் கரிக்கோட்டுக்கு ஒதுக்குங்கள். புதுத் தாளை ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். லாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சப்ளையர்_ஓவியன்:
உள்ளேதான் இறங்குகிறது அண்ணே. ஸ்கெட்ச் போட பில் ரோல் ஆகுமா?

கரித்துண்டு:
ஆகாது தம்பி. அது தெர்மல் தாள், தோசைக்கல் சூடு பட்டாலே கருத்துவிடும். பழைய ஆர்டர் புத்தகத்தின் வெற்றுப்பக்கமும் 4பி பென்சிலும் போதும். இன்னொன்று, தட்டு தூக்கிய கை கொஞ்ச நேரம் நடுங்கும். எடுத்ததும் மெல்லிய கோட்டில் இறங்காமல், 12ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷில் பெரிய வாஷை முடித்துவிடுங்கள். அது காய்வதற்குள் கை நிதானத்துக்கு வந்துவிடும்.